காளையின் ஏழு வெற்றுக் கட்டங்கள்

"கோடு இருக்கிற இடத்துல எல்லாம், மேலிருந்து கீழ அந்த வரிசையில எந்த நம்பர் அதிகமா வருதோ அதைப் போட்டு இழுத்து விட்டுருங்கம்மா" என்றார் டாக்டர்.

இழுத்து விடுவது என்றால் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் எண்ணைப் போட்டு, அதன் மூலையை மவுஸால் பிடித்துக் கீழே இழுப்பது. இழுத்த தூரத்துக்கு அதே எண் வந்து உட்கார்ந்துவிடும். நானும் இழுத்தேன். ஒரு மதியம் முழுக்க இழுத்தேன். காகிதத்தில் எத்தனையோ கோடுகள் இருந்தன. என் திரையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேலை சுத்தமாக முடிந்தது என்ற திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. கோச்சடையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் எனக்கு ஒரு கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வந்தவர் உட்கார ஒரு ஸ்டூல். ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸ் டைப் அடிப்பதுதான் பிழைப்பு. நான் பிளஸ் டூவோடு நின்றவள். டைப்ரைட்டிங் மட்டும் முறையாகப் படித்தேன். கம்ப்யூட்டரை, அதைக் கெடுத்துக் கெடுத்துச் சரிசெய்தே கற்றுக்கொண்டேன். ஆனாலும் விலங்கியலில் இருந்து வணிகவியல் வரைக்கும் எல்லாரும் எழுதியதை வரி விடாமல் படித்தவள் மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வழிகாட்டிப் பேராசிரியர்களே அப்படிப் படித்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் என்று நான் சொல்பவர் மாட்டு டாக்டர். ஒரு அறக்கட்டளையின் நாட்டு மாட்டுத் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். மதுரையைச் சுற்றியுள்ள பண்ணைகளிலும் கிடைகளிலும் மாடுகளின் ரத்தம் எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, மரபணுவில் இருபது இடங்களில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம், அதில் ஜோடியாக இரண்டு எண். ஒன்று தாய் கொடுத்தது, இன்னொன்று தகப்பன் கொடுத்தது. அந்த எண்களை வைத்து எந்தக் காளை நல்ல நாட்டு வம்சம், எது கலப்பு என்று பிரிப்பார்கள். நல்லதை இனவிருத்திக்கு வைத்துக்கொள்வார்கள். திட்டத்தில் சேர்ந்த கிடைகளில் கலப்பு என்று வந்த காளைகளுக்குக் காயடித்துவிடுவார்கள். ரத்தம் கெட்டோ, முடிவு தெளிவில்லாமலோ போன இடத்தில் ஆய்வுக்கூடம் ஒரு கோடு போட்டு அனுப்பும். அந்தக் கோடுகளைத்தான் நான் இழுத்து மூடியிருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு காலையில், தோளில் துண்டோடு ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கையில் குடை, காலில் செருப்பில்லை.

"ஏத்தா, மாட்டுக்குத் தீர்ப்புச் சொல்ற கம்ப்யூட்டரு இங்கனதான் இருக்கா?"

"தீர்ப்பெல்லாம் சொல்லாதுண்ணே. இது டைப் அடிக்கிற கம்ப்யூட்டர்."

"டாக்டரு ஆபீசுல சொன்னாக. ஒங் காளை கலப்புன்னு கோச்சடையில கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, நாங்க என்ன பண்றதுன்னு. அதான் அது மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போவோம்னு உசிலம்பட்டியிலருந்து பஸ் ஏறி வாரேன்."

உள்ளே வந்து குனிந்து திரையைப் பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இது எங்க கிடைக்கு வந்துச்சா?"

"இல்லண்ணே."

"சாணி கீணி மிதிச்சுச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலங்களில் கிடை போடுகிறவர் அவர். அறுப்பு முடிந்த நிலத்தில் மாடுகளை அடைத்துப்போட்டு, சாணமும் கோமியமும் மண்ணில் இறங்கியதும் அடுத்த நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார். கிடைக்கு ஒரே காளை, சாம்பல் பூத்த மயிலை நிறம். மருந்தும் தடுப்பூசியும் கிடைக்கும் என்று திட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், காயடிக்கவும் அதே கையெழுத்தில் சம்மதித்துவிட்டதை இப்போதுதான் புரிந்துகொண்டிருந்தார். பத்து நாளில் ஆள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தக் காளை போனால் அவருடைய பசுக்களுக்கு வெளிக்காளையைத்தான் தேட வேண்டும். அத்தோடு அந்தக் கிடையின் வம்சமும் நின்றுவிடும்.

நான் டாக்டர் கொடுத்த பழைய காகிதத்தை எடுத்து, அவர் காளையின் குறுக்கு வரிசையில் விரலை வைத்து எண்ணினேன். இருபதில் ஏழு கோடுகள். திரையில் அந்த ஏழு இடத்திலும் பளிச்சென்று எண்கள் நின்றன.

"அண்ணே, இதுல ஏழு கட்டத்துல உள்ளது கம்ப்யூட்டர் சொன்னது இல்ல. நான் போட்டது."

"நீயா? நீ எங் காளையப் பாத்திருக்கியா?"

"இல்லண்ணே."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒம் மேல கோவப்படுறதா, பொட்டி மேல கோவப்படுறதான்னு வெளங்கல தங்கச்சி. மொதல்ல தண்ணி குடு."

தண்ணீர் குடித்துவிட்டு அவரே விஷயத்தைச் சொன்னார். ரத்தம் எடுத்த அன்று வண்டி பஞ்சராகி, செக்கானூரணிப் பக்கம் வெயிலில் வெகுநேரம் நின்றிருக்கிறது. "ஐஸ் பொட்டிக்குள்ள தண்ணி அலம்புச்சு. நாந்தான் டயரு மாட்டக் கைகுடுத்தேன்." அதனால் அவருடைய கிடைக்குத்தான் பட்டியலிலேயே அதிகக் கோடுகள். நகரத்தை ஒட்டிய பண்ணைகளின் மாடுகளுக்குக் கோடே கிடையாது. பண்ணை மாடுகள் பெரும்பாலும் கலப்பு. எண்ணிக்கையிலும் அவைதான் அதிகம். அப்படியென்றால் மேலிருந்து கீழாக எந்த வரிசையிலும் அதிகம் வரும் எண் யாருடையதாக இருக்கும்? கலப்பு மாட்டின் எண்ணை எடுத்து அவர் காளையின் மேல் ஏழு தடவை ஒட்டிவைத்தவள் நான். பிறகு அது கலப்பாகத் தெரிகிறது என்றால் குற்றம் காளையுடையதா?

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஒருமுறை வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர், என் அம்மா அடுப்படியில் இருந்து வருவதற்குள், தாய்மொழி என்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்கு எழுதியதையே எழுதிவிட்டார். அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்யா, என் வாய்க்குள்ள என்ன இருக்குன்னு அடுத்த வீட்டுலயா கேப்ப?" என்று பிடித்துக்கொண்டாள். அவர் அடித்து எழுதும்வரை படியை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் மகள்தான் நான். கணக்கெடுக்க வந்தவர் செய்த அதே வேலையை மவுஸால் செய்திருக்கிறேன்.

மறுநாள் டாக்டர் ஆபீசுக்குப் போனேன்.

"கட்டத்தைக் காலியா விட்டா சாஃப்ட்வேர் எடுக்காதும்மா" என்றார் அவர். "எதையாவது போட்டுத்தான் ஆகணும். எல்லாரும் செய்யறதுதான்."

"சார், என்கிட்ட வர்ற தீசிஸ்ல ஒரு வார்த்தை மை ஊறி அழிஞ்சிருக்கும். அந்தப் பக்கத்துல எந்த வார்த்தை அதிகமா வருதோ அதையா நான் போடுறேன்? அப்படிப் போட்டா எல்லா தீசிஸும் 'ஆகவே ஆகவே'ன்னுதான் போகும். முன்னால என்ன இருக்கு, பின்னால என்ன இருக்குன்னு பாத்துல்ல போடுறேன்."

டாக்டர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சிரித்துவிட்டார். "நீங்க சொல்றதும் முறைதான். தாய், அக்கா தங்கச்சி, ஒன்னுவிட்டதுன்னு சொந்தக்கார மாடுகளோட நம்பரை வச்சு விட்டுப்போனதை ஊகிக்கலாம். ஆனா வம்சாவளி வேணும். கிடைக்காரங்ககிட்ட ரிஜிஸ்டரா இருக்கு?"

"கேட்டுப் பாக்குறேன்."

"கேளுங்க. காயடிக்கிற டீம் போற தேதி மாறாது."

உசிலம்பட்டிக்கு முதல் பஸ் பிடித்து, இறங்கி நடந்து, மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன்பே கிடைக்குப் போய்ச் சேர்ந்தேன். ரிஜிஸ்டர் என்று நான் வாயைத் திறந்ததும் கிடைக்காரர் பக்கத்தில் நின்ற கன்றின் காதைப் பிடித்துக் காட்டினார்.

"இந்தா இருக்கு. படி."

வம்சத்துக்கு ஒரு காது வெட்டு. இடது காதில் ஒரு கீறல் என்றால் ஒரு தாய்வழி. வலது காது நுனியில் பிளவு என்றால் இன்னொன்று. நடுவில் ஓட்டை என்றால் மூன்றாவது. கன்று பிறந்து சில நாளில் தாயின் காதில் உள்ளதை அதன் காதிலும் வெட்டிவிடுவார்கள். பார்த்த மாத்திரத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். நான் நோட்டை விரித்து ஒவ்வொரு மாடாகப் போய்க் காது பார்த்து எழுதினேன். இரண்டு மாடுகள் என்னை முட்ட வந்தன. கிடைக்காரரின் மனைவி ஒரு சொம்பில் மோரைக் கொடுத்துவிட்டு, "வாத்தியாரம்மா, எங்காதையும் பாத்து எழுதிக்கங்க. ஓட்டைதான் இருக்கு, தோடுதான் இல்ல" என்று தன் புருஷன் காதில் விழும்படி சொன்னார்.

மயிலைக் காளைக்கு வலது காது நுனியில் பிளவு. அதே பிளவுள்ள செவலைப் பசு ஒன்று வயதாகி, இன்னும் கிடையில் நின்றது. அதுதான் தாய் என்று எழுதிக்கொண்டேன். இரண்டுக்கும் திட்டத்தில் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்கைத் தொடங்கினேன். வழி சுலபம்தான். எந்தக் கன்றும் ஒவ்வொரு இடத்திலும் தாயின் இரண்டு எண்களில் ஒன்றை வாங்கியே தீரும். மரபணுவில் பக்கத்துப் பக்கத்து இடங்கள் பெரும்பாலும் கூட்டமாகவே கைமாறும். ஆகவே இடப்பக்கத்து எண்ணும் வலப்பக்கத்து எண்ணும் தாயைப் பெற்ற பாட்டி வழியாக வந்திருந்தால், நடுவில் விட்டுப்போனதும் பாட்டி வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தகப்பன் பக்கத்துக்கு, கிடையில் முன்பிருந்த பழைய காளையே தகப்பன் என்று வைத்துக்கொண்டு அதன் பிள்ளைகளைப் பார்க்கலாம். முதலில் மற்ற மாடுகளில் சோதித்தேன். ஆய்வுக்கூடம் தெளிவாகச் சொன்ன எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, காது வெட்டை மட்டும் நம்பி ஊகித்து, கையை எடுத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இட்லி மாவு ஆட்டும்போதுகூட எண்களை முணுமுணுத்தேன்.

கடைசியாகக் காளைக்கு வந்தேன். அங்கே இடித்தது. ஆய்வுக்கூடம் தெளிவாகப் படித்த இடங்களிலேயே இரண்டில், காளையிடம் இருந்த எண் எதுவும் செவலையிடம் இல்லை. ஒரு இடம் என்றால் தவறிப் படித்திருக்கலாம். இரண்டு இடத்தில் தாயிடம் இல்லாததைப் பிள்ளை எங்கிருந்து கொண்டுவரும்?

மறைக்காமல் டாக்டரிடம் காட்டினேன். அவருக்கு என்மேல் இரக்கமே வந்துவிட்டது.

"இதுக்குத்தான் ரிஜிஸ்டர் கேட்டேன். வாய்க்கு வந்ததைச் சொல்வாங்கம்மா. காது வெட்டை நம்பி அறிவியல் பண்ண முடியாது. பேசாம பழைய லிஸ்டையே அனுப்பிருங்க."

"வாய்க்கு வந்ததைச் சொல்றவர் அங்கிருந்து பஸ் ஏறி வந்து என் கம்ப்யூட்டர் மூஞ்சியப் பாக்க மாட்டார் சார். வேற என்னமோ இருக்கு. கேட்டுட்டு வாரேன்."

டீம் போவதற்கு மூன்று நாள்தான் இருந்தது. மறுபடியும் உசிலம்பட்டி பஸ். விஷயத்தைச் சொன்னதும் கிடைக்காரரின் முகம் கறுத்துவிட்டது.

"எங்கப்பன் கையால கத்துக்கிட்ட வெட்டு தங்கச்சி. அதத் தப்புங்குறியா?"

"வெட்டு தப்புன்னு சொல்லலண்ணே. செவலைக்கும் காளைக்கும் ஒட்டலைன்னு சொல்றேன்."

அவர் கயிறு முறுக்கப் போய்விட்டார். அவர் மனைவிதான் சாவகாசமாகச் சொன்னார்: "எப்படி ஒட்டும்? அது செவலை போட்ட கன்னு இல்லையே. காரி போட்டதுல்ல."

நான் நோட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். காரி என்ற கறுப்புப் பசு, கன்று போட்ட மூன்றாம் நாள் பாம்பு கடித்துச் செத்துவிட்டது. அதே வாரம் செவலையின் கன்றும் செத்திருந்தது. காரியின் கன்றைச் செவலையிடம் ஊட்ட விட்டார்கள். அதுவும் ஏற்றுக்கொண்டது. உடனே செவலையின் வெட்டைக் கன்றின் காதில் வெட்டிவிட்டார்கள்.

"ஏண்ணே, காரியோட வெட்டைத்தானே போட்டிருக்கணும்?"

"அதெப்படி? அம்புட்டுக் கன்னையும் அடைச்சு வச்சு, காதப் பாத்துத்தான் ஒன்னொன்னா தாய்கிட்ட விடுவோம். காரி காத வெட்டி வச்சா, அவசரத்துக்குக் கன்ன ஊட்ட விட வந்தவன் எங்கிட்டுப் போயி காரியத் தேடுவான்? சுடுகாட்டுலயா? பாலு குடுக்குறவ காதுதான் கன்னுக்கு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீ பாட்டுக்கு ஒவ்வொரு காதாப் பிடிச்சுப் பாத்து எழுதிக்கிட்டுப் போன."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. பால் ஊட்டுவதற்காக வைத்த அடையாளத்தைப் பிறப்புச் சான்றிதழாகப் படித்தது என் பிழை. அவருடைய ரிஜிஸ்டரில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. இந்த முறை உட்கார்ந்து கேட்டேன். எந்தக் கன்று யாரிடம் மாறிக் குடித்தது, எவள் எவளைப் பெற்றாள் என்று கேட்கக் கேட்க, புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே சொன்னார்கள். செத்த காரியின் மூத்த மகள் ஒன்றும் காரியோடு கூடப்பிறந்தது ஒன்றும் கிடையில் இருந்தன. இரண்டுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

அவற்றை வைத்துப் பார்த்தபோது, செவலையோடு இடித்த இரண்டு இடங்களும் பிசகில்லாமல் பொருந்தின. ஏழு வெற்றுக் கட்டங்களில் நான்குக்குத் தைரியமாக எண் போட்டேன். மீதி மூன்றுக்கு எந்தப் பக்கமிருந்தும் துப்பு இல்லை. ஊகித்த நான்கையும் சிவப்பு எழுத்தில் அடித்தேன். மூன்றைக் காலியாகவே விட்டேன்.

டாக்டர் தாளை வெகுநேரம் பார்த்தார். உண்மையிலேயே மகிழ்ந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"நல்ல வேலைம்மா. அந்த மூணையும் இதே மாதிரி நாட்டு மாட்டு நம்பராப் போட்டுருங்க. காளை பாஸ். எல்லாருக்கும் சந்தோஷம்."

"தெரியாததை எப்படி சார் போடுறது?"

"அட, அவர் காளையைக் காப்பாத்தத்தானே இம்புட்டு அலைஞ்சீங்க?"

அந்த நிமிஷத்தில் தலையை ஆட்டியிருந்தால் காளை தப்பியிருக்கும். ஆனால் எனக்கு வேண்டியபடி மூன்று கட்டத்தை இன்று நிரப்பினால், அடுத்த கிடைக்கு வேறொருவர் வேண்டியபடி நிரப்புவார். அவர் கையைப் பிடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கும்?

"போட மாட்டேன் சார். மறுபடி ரத்தம் எடுங்க."

"ஒரு காளைக்காக அம்புட்டுத் தூரம் வண்டி அனுப்ப முடியுமா?"

"காயடிக்க வண்டி போகுதுல்ல சார்? அதே வண்டியில ஒரு ஐஸ் பெட்டியும் போகட்டும்."

"டீமுக்குக் கொடுத்தது பழைய லிஸ்ட். நீங்க முடிச்சுக் கொடுக்கலைன்னா அதுதான் நிக்கும்" என்றார். நான் தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.  வீம்பு என்னுடையது, காளை அவருடையது.

டீம் வரும் அன்று அவர்களுக்கு முன்பே கிடையில் இருந்தேன். செய்ததைக் கிடைக்காரரிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"அடிப்பாவி! ஏங் காளைய வச்சா வெளாண்ட?"

"ஆமாண்ணே. பொய்யா மூணு நம்பர் போட எனக்கு மனசு வரல."

அவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தபோதே வண்டி வந்துவிட்டது. டாக்டர் முன்சீட்டில் இருந்து இறங்கினார். பின்னால் இரண்டு பேர் கயிறும் காயடிக்கும் இடுக்கியுமாக இறங்கினார்கள். கிடைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காளைக்கும் அவர்களுக்கும் நடுவே போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"டாக்டரய்யா, செத்துப்போன காரியக் கேட்டாச்சு, அதும் மகளக் கேட்டாச்சு, ஊருல உள்ள பண்ணை மாட்டையெல்லாம் கேட்டாச்சு. ஏங் காளை உசுரோட உங்க முன்னாலதான நிக்குது? அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? கேட்டுட்டு, அப்பறம் இடுக்கிய எடுங்க. நானே கால்கட்டி விடுறேன்."

அவர் மனைவியும் வந்து பக்கத்தில் நின்றார். நானும் போய் நின்றேன். இடுக்கிக்காரர்கள் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, "அந்தப் பெட்டியை எடுப்பா" என்றார்.

ஐஸ் பெட்டி. புத்தம்புது ஐஸ், மூடி விளிம்பில் நீர் பூத்திருந்தது. கிளம்பும்போதே ஏற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார் மனிதர். கேட்டால்தான் கொடுப்பது என்று இருந்தாரோ என்னவோ, இன்றுவரை அதை நான் அவரிடம் கேட்கவில்லை. காளையின் கழுத்தில் ரத்தம் எடுத்தார்கள். இடுக்கி, வந்த துணியிலேயே சுருண்டு வண்டிக்குள் போனது.

சில வாரங்களில் முடிவு வந்தது. இருபது இடமும் நிரம்பிய முடிவு. ஒரு கோடு இல்லை. காளை நாட்டு வம்சம்தான். இனவிருத்திப் பட்டியலில் சேர்ந்தது. நான் சிவப்பில் போட்ட நான்கில் மூன்று சரி. ஒன்று தப்பு. டாக்டர் அந்த ஒன்றைப் பேனாவால் வட்டமிட்டு என் முன்னால் வைத்தார். அவருக்கும் ஒரு சின்ன சந்தோஷம் வேண்டுமல்லவா?

முழுப் பட்டியலையும் மறுபடி அடித்தேன். எல்லாக் கிடைகளின் கோடுகளையும் திரும்பக் கொண்டுவந்தேன். ஊகிக்க முடிந்ததைச் சிவப்பில் போட்டு, முடியாததைக் காலியாக விட்டேன். அட்டவணையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: சிவப்பில் உள்ளவை ஊகம், மறுசோதனை செய்த காளையில் நான்கு ஊகங்களில் ஒன்று தவறியது.

"நம்ம தப்பை நாமளே யாராவது அச்சடிப்பாங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"அடிக்க மாட்டாங்க சார். அதனாலதான் உங்க ஆபீசுல கம்ப்யூட்டர் மேல பழியப் போட்டாங்க. இந்த வரி போனா நான் இதை அடிக்க மாட்டேன், வேற கடை பாத்துக்கங்க."

அந்த வரி இருந்தது. சாஃப்ட்வேர் காலிக் கட்டங்களை எடுக்காது என்று சொன்னதும் பொய். கட்டம் காலி என்று சொல்வதற்கென்றே ஒரு குறி இருந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நானே கண்டுபிடித்தேன்.

அப்போது கிடை சோழவந்தான் பக்கம் நெல் அறுத்த வயல்களுக்கு வந்திருந்தது. அச்சடித்த தாளோடு நேரில் போய்ச் சொன்னேன். கிடைக்காரர் தாளைத் தலைகீழாக வாங்கி, நேராகத் திருப்பி, சிவப்பு எண்களை விரலால் தடவினார்.

"இதுல எது தங்கச்சி தப்பாப் போச்சு?"

காட்டினேன். "அது தகப்பன் பக்கம் வந்த நம்பர்ண்ணே. பழைய காளைகிட்ட ரெண்டு நம்பர் இருந்திருக்கும். இதுவாத்தான் இருக்கும்னு ஒன்னைப் போட்டேன்."

"அப்பனப் பத்தி நாங்க எதுவும் சொல்லலையேத்தா. ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே. நானாத்தான் போட்டேன்."

"அப்பச் சரி" என்று தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அடுத்த தடவ கேட்டுட்டுப் போடு."